கீழே வைத்த கோப்பை

கரக், செப்டம்பர் 6

என் மகள் லமீஸுக்கு வாப்பா அவ்வாத் எழுதுவது. ஸலாம்.

இது நானே எழுதும் கடிதம். போன பெருநாளுக்கு உனக்கு வந்தது, நான் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பெண் எழுதியது. நான் சொன்னதில் பாதியை அவள் விட்டுவிட்டாள் என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஒட்டகத்தைப் பற்றிச் சொன்னேன். ஒட்டகம் வந்ததா?

முதியோர் வகுப்பு முடிந்துவிட்டது. கரக்கில் இவ்வளவு எழுத்து இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இத்தனை காலம் அதற்கு நடுவிலேயே நடந்திருக்கிறேன். உப்புப் பையில்கூட ஒரு கதை எழுதியிருக்கிறான். நேற்று பஸ் கதவில் ‘சாய்ந்து நிற்காதீர்’ என்று இருந்ததைச் சத்தமாகப் படித்தேன். சாய்ந்து நின்றவர் மன்னிப்புக் கேட்டு நகர்ந்துவிட்டார். உன் மாமி ஸப்ஹா தலையில் அடித்துக்கொள்கிறாள். “இவனுக்குக் கண்ணு தொறந்தது, ஊருக்கு நிம்மதி போச்சு” என்கிறாள். தங்கச்சிதான், ஆனால் அண்ணன் என்ற மரியாதை அவளுக்கு எப்போதுமே கிடையாது.

போனில் நீ ஒன்று சொன்னாய். “ஆப் வழியா மாப்பிள்ளை தேடப் போறேன் வாப்பா, கோவப்படக் கூடாது” என்றாய். நான் “ம்” என்று வைத்துவிட்டேன். பேச்சில் எனக்கு அவசரம் அதிகம். எழுத்தில் அவசரப்பட முடியவில்லை. ஒரு சொல்லை எழுதி முடிப்பதற்குள் பாதிக் கோபம் இறங்கிவிடுகிறது. அதனால் இந்த விஷயத்தை இனி நாம் கடிதத்திலேயே பேசுவோம்.

முப்பத்தாறு வயதில் உனக்கு ஆள் பார்க்கத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. உன் அம்மா இருந்திருந்தால் உன் பக்கம்தான் பேசியிருப்பாள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இங்கே ஒருவன் பெண் கேட்டு வந்தால், அவன் ஊர்ச் சந்தையில் போய் நாலு பேரிடம் அவனைப் பற்றி விசாரிப்போம். அந்த ஆப்புக்குச் சந்தை எங்கே இருக்கிறது?

கை வலிக்கிறது. சந்தோஷமாக வலிக்கிறது.

உன் வாப்பா


எஸ்ஸன், செப்டம்பர் 24

அன்புள்ள வாப்பா,

ஒட்டகம் வரவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தை நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் வைத்துப் பிரித்தேன். முழங்காலுக்குப் பயிற்சி செய்ய வந்திருந்த கிழவர் ஒருவர், “கெட்ட செய்தியா?” என்று கேட்டார். “இல்லை, என் வாப்பா எழுதியது” என்றேன். “அதுக்கா அழறே?” என்றார். பிறகு அந்தத் தாளை வாங்கி வலமிருந்து இடமாகப் பார்த்து, எழுத்து அழகாக இருக்கிறது என்றார். ஒரு எழுத்தும் அவருக்குத் தெரியாது.

ஆப் விஷயம். அரபுக்காரர்களுக்கென்று இருப்பவற்றில் மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

பேரீச்சை மரம் போட்டது ஒன்று. அதில் படம் படமாக ஆட்கள் வருவார்கள். பிடித்தால் விரலால் வலது பக்கம், பிடிக்காவிட்டால் இடது பக்கம் தள்ள வேண்டும். கோர் பள்ளத்தாக்கில் நீங்கள் தக்காளிக்குப் பெட்டி கட்டும்போது நல்லதையும் நசுங்கியதையும் தள்ளுவீர்களே, அதே வேகம். ஒரு மாலையில் பாதி மொராக்கோவைத் தள்ளிவிட்டேன். ஒருவரோடு பேசினேன். அவருடைய அரபி எனக்குப் புரியவில்லை, என்னுடையது அவருக்குப் புரியவில்லை. கடைசியில் ஜெர்மனில் பேசிக்கொண்டோம். அதற்கு எதற்கு அரபுக்காரர்களுக்கான ஆப்?

இன்னொன்று கேள்விகளாகக் கேட்கிறது. எந்தக் குடும்பம், தொழுவாயா, புகைப்பாயா, மாமியாரோடு இருப்பாயா, பிள்ளை எத்தனை வேண்டும். வேலைக்குப் போவாயா என்ற கேள்விக்கு ‘கணவர் விருப்பப்படி’ என்று ஒரு விடையும் இருந்தது. அதோடு மூடிவிட்டேன்.

மூன்றாவதில் இருவரும் சம்மதிக்கும்வரை படங்கள் மங்கலாகத்தான் தெரியும். பெண் விரும்பினால் வீட்டுப் பெரியவர் ஒருவரைக் காவலராகச் சேர்க்கலாம். நாங்கள் எழுதிக்கொள்வதன் பிரதி அவருக்கும் போகும். இதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் வந்தன. ஜெர்மனிக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது, எனக்கு எதற்குக் காவல் என்று அதைத்தான் முதலில் ஒதுக்கினேன்.

அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது. வாப்பா, உங்களுக்கு இப்போது படிக்கத் தெரியும். நான் எழுதுவதை நீங்கள் படிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால் மூன்றாவதையே எடுத்துக்கொண்டேன். காவலர் என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போட்டிருக்கிறேன்.

ஒரே நிபந்தனை. படிக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. தேர்ந்தெடுப்பது நான்.

லமீஸ்


கரக், அக்டோபர் 19

லமீஸுக்கு,

வாயைப் பூட்டிவிட்டேன். சாவி உன்னிடம்.

தக்காளி என்று எழுதினாயே, நானும் ஸப்ஹாவும் சிரித்துக்கொண்டே இருந்தோம். ஆனால் ஒன்று. தக்காளி நம்மைப் பார்த்து இடது பக்கம் தள்ளுவதில்லை. அந்த மொராக்கோக்காரர்களில் எத்தனை பேர் உன்னைத் தள்ளினார்கள்? சொல்ல வேண்டாம்.

போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு காலைத் தொழுகைக்குப் பிறகு படிக்கிறேன். ஒருவர் ராஜாளியோடு நிற்கிறார் போல. படம் பனி மூடின மாதிரி இருக்கிறது, ராஜாளியின் மூக்கு மட்டும் தெரிகிறது. நல்ல மூக்கு. இன்னொருவர் தினமும் ‘எப்படி இருக்கே?’ என்று மட்டும் எழுதுகிறார். படிக்கச் சுலபமாக இருக்கிறது. அந்த ஒரே காரணத்துக்காக அவரை நான் சிபாரிசு செய்ய முடியாது. வக்கீல் ஒருவர் எழுதியதைப் படிக்க எனக்கு மூன்று காலை ஆனது. முடிவில் பார்த்தால் அவருடைய காரைப் பற்றி எழுதியிருக்கிறார்.

தஃபீலா ஊர்ப் பையன் குதைபா எழுதியதுதான் வேறு மாதிரி இருந்தது. ப்ரேமனில் லிஃப்ட் பழுது பார்க்கிறானாம். நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் ஒரு கிழவி தனியாக மாட்டிக்கொண்டாள். கதவைத் திறக்கும்வரை அவள் பயப்படாமல் இருக்க, வெளியே நின்று மக்லூபா எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கத்தரிக்காயைப் பொரித்து, சோற்றை அடுக்கி, சட்டியைக் கவிழ்க்கும் நேரத்தில் கதவு திறந்துகொண்டது. கிழவி வெளியே வந்து, “கவிழ்த்தியா இல்லையா?” என்று கேட்டாளாம். ஸப்ஹாவுக்கு இதை இரண்டு முறை படித்துக் காட்டினேன். “அவன் கத்தரிக்காய்க்கு உப்புப் போடலையே” என்றாள்.

ஒரு சந்தேகம். முதலில் இவன் நீளமாகத்தான் எழுதினான். போன வாரத்திலிருந்து குட்டை குட்டையாக எழுதுகிறான். நான் ஒரே காலையில் படித்து முடித்துவிடுகிறேன். என்ன காரணம்?

கேள்விதான் கேட்டேன். இது வாயைத் திறந்ததில் சேராது.

வாப்பா


எஸ்ஸன், நவம்பர் 5

வாப்பா,

காரணத்தைச் சொல்கிறேன். எங்கள் கடிதங்களைப் படிப்பவர் இந்த வருஷம்தான் படிக்கக் கற்றார் என்று அவரிடம் சொன்னேன். காவலர் இருக்கிறார் என்றதும் ஓடிப்போனவர்கள் உண்டு. இவர், “அப்போ நான் சின்னச் சின்னதா எழுதறேன். அவர் மூச்சு வாங்கக் கூடாது” என்றார்.

உங்களிடம் மறைக்கப் போவதில்லை. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. மன்சஃப் சோற்றைக் கையால் உருட்டிச் சாப்பிடுவது ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை. சண்டை போட்டாலும் ஒரே மொழியில் போடுவோம். ஆனால் இன்னும் நேரில் பார்க்கவில்லை. டிசம்பரில் பார்க்கலாம் என்று பேச்சு. எழுத்தில் இருக்கும் ஆள் வேறு, மேஜைக்கு எதிரே இருக்கும் ஆள் வேறு. பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு இடம் வேண்டும், அவருக்கும் வேண்டும்.

மாமி போன் செய்தாள். “உன் வாப்பா சட்டைக்கு இஸ்திரி போடறார், தஃபீலாவுக்குக் கெளம்பறார் போல” என்றாள். விசாரிப்பது நம் வழக்கம், தடுக்க மாட்டேன். நல்ல ஆள் என்று நாலு பேர் சொன்னால் எனக்கும் தைரியம்தான். ஆனால் என் பெயரைச் சொல்லக் கூடாது. அவர்கள் வீட்டுப் பக்கம் போகக் கூடாது. யாரிடமும் எதையும் கேட்டு வாங்கக் கூடாது. சந்தையில் விசாரித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட வேண்டும்.

லமீஸ்


எஸ்ஸன், டிசம்பர் 2

வாப்பா,

தஃபீலாவில் என்ன செய்தீர்கள்?

குதைபா எழுதியிருக்கிறார்: ‘உங்கள் வாப்பா எங்கள் வீட்டுக்கு வந்து காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். என் வாப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். நான் யோசிக்க வேண்டும்.’ அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு எழுத்தும் இல்லை.

குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்தால் என்ன அர்த்தம் என்று தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். ‘எனக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது, அதைத் தந்தால்தான் குடிப்பேன்.’ பெண் கேட்க வருகிறவர்கள் அப்படித்தான் வைப்பார்கள். நீங்கள் போய் எனக்காக மாப்பிள்ளை கேட்டீர்களா? முகம்கூடப் பார்க்காத ஒருவரை?

காவலர் இடத்திலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிட்டேன். போன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன்.

லமீஸ்


கரக், டிசம்பர் 15

லமீஸுக்கு,

நான் வாயைத் திறக்கவில்லை. கோப்பையைத்தான் கீழே வைத்தேன். அதுவும் கேட்பதற்காக வைக்கவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். முழுவதும் படி.

ஆலிவ் எண்ணெய் வாங்க வந்தவன் போலச் சந்தையில் இறங்கினேன். ரொட்டிக் கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு, “ஜெர்மனியில லிஃப்ட் ரிப்பேர் பண்ற பையன் ஒருத்தன் இந்த ஊராமே, எப்படி?” என்று கேட்டேன்.

“குதைபாவா? என் அண்ணன் மகன்” என்றார் கடைக்காரர். “நீங்க எந்த ஊரு?”

“கரக்.”

அவர் கையிலிருந்த மாவைத் துடைத்துவிட்டு அடுப்பைத் தணித்தார். “கரக்லேர்ந்து வந்த விருந்தாளியக் கடை வாசல்ல நிக்க வெச்சுப் பேசறதா? நாளைக்கு ஊரு என்ன சொல்லும்? வாங்க வீட்டுக்கு.”

“எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

“பஸ் எங்க மச்சானோடது. நிக்கும்.”

தஃபீலாவில் அவனுக்குச் சொந்தக்காரர் அல்லாத ஒருவரிடம் விசாரிக்கவே முடியாது என்று அப்போதுதான் தெரிந்தது. கையைப் பிடித்து அண்ணன் வீட்டுக்கே கூட்டிப் போய்விட்டார். கூடம் நிறைய ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். குதைபாவின் வாப்பா, அபூ குதைபா, ஆஜானுபாகுவான மனிதர், குரல் மட்டும் மெல்லிசு. கோப்பையில் காப்பி ஊற்றிக் கொடுத்தார்கள். வலது கையில் வாங்கினேன்.

அப்போதுதான் எதிர்ச் சுவரைப் பார்த்தேன். ஒரு பெரிய மரம் வரைந்து சட்டம் போட்டிருந்தார்கள். அந்தக் குடும்பத்தின் மரம். வேரில் மூத்தவர், கிளையில் பிள்ளைகள், இலைக்கு இலை பெயர். இப்படிப்பட்ட மரத்தை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். எனக்கு அது வெறும் மரமாகத்தான் இருந்தது. அன்றைக்கு இலைகள் பேசின. குதைபாவின் இலையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. என் மூக்குக் கண்ணாடி மேலங்கிக்குள் இருந்தது. அதை எடுத்து மாட்ட இரண்டு கையும் வேண்டும். கோப்பையைக் கம்பளத்தில் வைத்தேன்.

எழுந்து போய் ஸாலிஹ், ஃபலாஹ், மன்ஸூர் என்று படித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் பேச்சு நின்றது எனக்குத் தெரியவில்லை.

“பெரியவரே, காப்பியக் குடிங்க” என்றார் அபூ குதைபா.

“குடிக்கறேன், குடிக்கறேன். இதை முடிச்சிட்டுத்தான் குடிப்பேன்” என்றேன்.

நான் சொன்னது இலையை. அவர்கள் எதை நினைத்தார்கள் என்று நீயே யோசித்துக்கொள். கரக் பெண் ஒருத்தியைப் பற்றி அந்தப் பையன் தன் வாப்பாவிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறான். இப்போது கரக்கிலிருந்து ஒரு கிழவன் வருகிறான், பையனைப் பற்றி விசாரிக்கிறான், கோப்பையைக் கீழே வைக்கிறான், குடிக்கச் சொன்னால் முடித்துவிட்டுத்தான் குடிப்பேன் என்கிறான்.

திரும்பிப் பார்த்தேன். எல்லாருடைய கண்ணும் கோப்பை மேல் இருந்தது. அபூ குதைபா எழுந்து நின்றார். “நீங்க வந்த காரியம் ஆச்சு. குடிங்க” என்றார்.

கண்ணாடிக்காக வைத்தேன் என்று அப்போது சொன்னால், தம்பிமார் நடுவில் அவர் வாக்கு கேலியாகிவிடும். குடிக்காமல் விட்டால், கொடுத்தது போதவில்லை என்று ஆகிவிடும். குடித்தேன். ஆறிப்போயிருந்தது. உள்ளே பெண்கள் குலவை போட்டார்கள்.

குதைபாவின் இலையை நான் கடைசிவரை பார்க்கவில்லை.

வாப்பா


எஸ்ஸன், ஜனவரி 4

வாப்பா,

உங்கள் கடிதத்தைப் படித்து இரண்டு இடத்தில் சிரித்துவிட்டேன். அதனால் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள்.

எனக்கு என்ன வலிக்கிறது என்று எழுதுகிறேன். அவர் இன்னும் எழுதவில்லை. டிசம்பர் சந்திப்பும் நடக்கவில்லை. நாளைக்கே அவர் சரி என்று சொன்னால், என்னைப் பிடித்துச் சொன்னாரா, அவருடைய வாப்பாவின் வாக்கைக் காப்பாற்றச் சொன்னாரா? எனக்கு எப்படித் தெரியும்? வேண்டாம் என்று சொன்னால், வாப்பாவை ஊர் நடுவே தலைகுனிய வைத்த பையன் ஆகிவிடுவார். எனக்கும் அப்படித்தான். சந்தித்துப் பிடிக்காமல் போனால் நான் எப்படி வேண்டாம் என்பேன்? இரண்டு பேரும் சுதந்திரமாகப் பார்த்துக்கொள்ள ஒரு இடம் வேண்டும் என்றுதான் மூன்று ஆப்களை அலசினேன். அந்த இடத்தை ஒரு கோப்பை அடைத்துவிட்டது.

நானாகவே அவருக்கு எழுதலாம் என்று போனை எடுப்பேன். என்ன எழுதினாலும், கெஞ்சுவது போலவோ விரட்டுவது போலவோ இருக்கிறது. வைத்துவிடுவேன்.

நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம் என்றுதான் எழுத வந்தேன். ஆனால் உண்மையில், ஏதாவது செய்ய முடியுமா வாப்பா?

லமீஸ்


கரக், ஜனவரி 31

என் கண்ணே,

தஃபீலா போய்விட்டு வந்தேன். இந்த முறை கண்ணாடியைப் பஸ்ஸிலேயே மாட்டிக்கொண்டேன்.

உன் கடிதத்தை ஸப்ஹாவுக்குப் படித்துக் காட்டினேன். “கோப்பையால கெட்டதக் கோப்பையாலதான் சரி பண்ணணும். வாயால முடியாது, உன் வாய் லட்சணம் தெரியாதா” என்றாள். சிறு வயதிலிருந்தே அவளுக்கு என்னைவிட மூளை அதிகம். இதை அவளிடம் சொல்லாதே.

அபூ குதைபா என்னைச் சம்பந்தியாகவே வரவேற்றார். அதே கூடம், அதே ஆட்கள். காப்பி வந்தது. வாங்கினேன். எல்லாரும் பார்க்க, மெதுவாகக் கீழே வைத்தேன். என் நெஞ்சு அடித்தது உனக்கு எஸ்ஸனில் கேட்டிருக்கும்.

அபூ குதைபா சிரித்தார். “அபூ லமீஸ், பையனத்தான் குடுத்தாச்சே. இப்ப என்ன, வீட்டையும் கேக்கறீங்களா?”

“ஒரு வேண்டுதல் இருக்கு. தர்றேன்னு சொல்லுங்க, குடிக்கறேன்.”

“தந்தேன். குடிங்க.”

“போன தடவை குடுத்ததத் திரும்ப எடுத்துக்கணும். அதுதான் வேண்டுதல்.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பு, கண்ணாடி, மரம், இலை. ரொட்டிக் கடைக்காரர்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அபூ குதைபா சிரிக்கவில்லை.

“அப்ப, என் வாக்கு ஒரு மூக்குக் கண்ணாடிக்கா போச்சு?” என்றார்.

“ஆமா. தப்பு என்னோடது. ஆனா அதுங்க ரெண்டும் இன்னும் மூஞ்சிகூடப் பாத்துக்கல. உங்க வாக்கு நடுவுல நின்னா, ஒண்ணு பிடிச்சதுன்னு சொன்னாலும் இன்னொண்ணு நம்பாது. அவன் உங்களுக்காக வந்தான்னு என் பொண்ணு நெனைப்பா. அப்படி அவ வாழ வேண்டாம். உங்க பையனும் வாழ வேண்டாம்.”

அவர் தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார். காப்பிக்காரன் குடுவையோடு அப்படியே நின்றான். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. குடிக்காத கோப்பையோடு ஒரு வீட்டை விட்டுப் போவதைவிட அவமானம் நமக்குள் இல்லை.

பிறகு போனை எடுத்தார். அத்தனை பேர் நடுவில் மகனைக் கூப்பிட்டார். “டேய், கேளு. உன் கழுத்துல என் வாக்கு இல்ல. எடுத்துக்கிட்டேன். அந்தப் பொண்ணு கழுத்துலயும் இல்ல. பாக்கறதுன்னா பாரு, பேசறதுன்னா பேசு, வேணாம்னா வேணாம். உன்ன ஒரு வார்த்த கேக்கற ஆள் இங்க இல்ல.” போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “குடிங்க, ஆறிப்போச்சு.”

அந்த வீட்டில் எனக்குச் சூடாகக் காப்பி குடிக்கக் கொடுத்து வைக்கவில்லை.

குடித்த பிறகு அவரே என்னைச் சுவர்ப் பக்கம் கூட்டிப் போய் இலையைக் காட்டினார். ஜன்னல் ஓரத்துக் கிளையில், வெயில் பட்டு மங்கிப்போய் இருக்கிறது. குதைபா. நானே படித்தேன். “பொண்ணுங்க பேரு ஒண்ணுகூட இல்லயே?” என்றேன். “இடம் பத்தாது” என்றார். “மரம்தானே, மொளைக்குமே” என்றேன். அதற்குத்தான் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

லமீஸ், இனி நம் வீட்டில் யார் கோப்பையைக் கீழே வைத்தாலும் என் பேச்சு கிடையாது. நீ எழுதிக் கொடுத்ததைப் படிப்பேன். அதற்கு மேல் ஒரு எழுத்தும் சேர்க்க மாட்டேன்.

வாப்பா


எஸ்ஸன், மார்ச் 29

அன்புள்ள வாப்பா,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் உண்டு. முடிவு தெரியாமல் எழுதக் கூடாது என்றிருந்தேன்.

உங்கள் கடிதம் எனக்கு வருவதற்கு முன்பே அவர் எழுதிவிட்டார். ‘எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும் என்று முதலிலிருந்தே இருந்தது. வாப்பாவின் வாக்கைச் சுமந்துகொண்டு வர மனமில்லை. இப்போது வெறுங்கையோடு வரலாமா?’ எஸ்ஸனுக்கும் ப்ரேமனுக்கும் நடுவில் ஓஸ்னாப்ரூக் ரயில் நிலையத்தில் சந்தித்தோம். படத்தில் மங்கலாக இருந்ததைவிட நேரில் குள்ளம். நான் அவர் நினைத்ததைவிடச் சத்தமாகப் பேசுகிறேனாம்.

கடைக்காரப் பெண் காப்பியைக் கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். அவர் பதறிப்போய் உடனே கையில் எடுத்துக்கொண்டார். கடை முழுக்க எல்லார் முன்னாலும் கோப்பை கீழேதான் இருந்தது. “இந்த ஊர்ல எல்லாரும் எப்பவும் யார்கிட்டயாவது எதையாவது கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க போல” என்றார். பேசி முடிக்கும்வரை ஒரு நிமிஷம்கூடக் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. “இன்னைக்கு எனக்கு வேண்டுதல் எதுவும் இல்ல, பாத்துக்கங்க” என்று அதைக் காட்டிக் காட்டிச் சொன்னார். விரல் சுட்டுக்கொண்டது.

அடுத்த முறை மீன் பொரிப்பது பற்றிச் சண்டை போட்டோம். உண்மையான சண்டை. அவர் ரயிலையும் விட்டுவிட்டார். அடுத்த ரயில் வரும்வரை அந்தச் சண்டையையே தொடர்ந்தோம்.

மூன்றாம் முறை கோப்பையைக் கீழே வைத்தார். நான், “இப்பக் குடிக்காதீங்க. நான் யோசிக்கணும்” என்று சொல்லிவிட்டு ரயில் ஏறிவிட்டேன். அவர் முகம் வாடவில்லை. அதை நன்றாகக் கவனித்தேன். பத்து நாள் யோசித்தேன் வாப்பா. என்னைப் பிடித்துக் கேட்கிறார், வேறு எதற்காகவும் இல்லை என்று தெரிந்தது. எனக்கும் அப்படித்தான் என்று தெரிந்தது. போன் செய்து, “இப்பக் குடிங்க” என்றேன்.

“அதக் கழுவி வெச்சிருப்பாங்களே” என்றார்.

“வேற வாங்கிக்கங்க.”

அவர் வீட்டிலிருந்து ஆட்கள் வருவார்கள். முறைப்படி, கரக்குக்கு, வெள்ளிக்கிழமை பார்த்து. படிப்பதற்கு ஒரு தாள் கேட்டீர்களே, இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். அதில் இருப்பது இதுதான்:

‘நான் லமீஸ், அவ்வாதின் மகள். குதைபாவை நானே பார்த்தேன், நானே பேசினேன், நானே தேர்ந்தெடுத்தேன். என் வேலையை விட மாட்டேன். எனக்குச் சம்மதம். உங்கள் மரத்தில் எனக்கும் ஒரு இலை வரையுங்கள். காப்பியைக் குடியுங்கள்.’

அவரிடம் நானும் ஒன்று கேட்டேன். உங்களுக்குக் கையால் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று. எழுதுகிறேன் என்றார்.

காவலர் இடத்தில் உங்கள் பெயரை மறுபடியும் போடலாம் என்று ஆப்பைத் திறந்தேன். பிறகு இருவரும் சேர்ந்து ஆப்பையே எடுத்துவிட்டோம். இனிமேல் படிக்க உங்களுக்கு என் கடிதங்கள் மட்டும்தான். நீளமாக எழுதுகிறேன். இப்போது உங்களுக்கு மூச்சு வாங்காது.

லமீஸ்

ஒட்டகம் இன்னும் வரவில்லை.


கரக், ஏப்ரல் 15

லமீஸுக்கு,

உன் மாப்பிள்ளையின் கடிதம் வந்தது. அவன் கையெழுத்து என்னுடையதைவிட மோசம். எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

வருகிற வெள்ளிக்கிழமை தஃபீலாவிலிருந்து வருகிறார்கள். ஒரு பஸ் நிறைய. மச்சானுடைய பஸ்தான். ரொட்டிக் கடைக்காரர் போன் செய்து, “உங்க வீட்டுச் சுவர்ல படிக்கறதுக்கு ஏதாவது மாட்டி வெச்சிருக்கீங்களா?” என்று கேட்கிறார். ஸப்ஹா கூடத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். உன் தாளை ஒரு தரம் படித்து ஒத்திகை பார்த்துக்கொள் என்கிறாள். மாட்டேன். மனப்பாடம் ஆகிவிட்டால் அது படிப்பதாகாது. உன் சொல் ஒவ்வொன்றும் அன்றைக்கு இந்தக் கூடத்தில்தான் என் வாயிலிருந்து வர வேண்டும்.

முறை எனக்குத் தெரியும். காப்பி வரும். அபூ குதைபா வாங்கிக் கீழே வைப்பார். கூடம் அமைதியாகும். எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். நான் இரண்டு கையாலும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வேன். உன் தாளைப் பிரிப்பேன். எழுத்துக்கூட்டி, ஒன்றையும் விடாமல், முதல் சொல்லிலிருந்து மெதுவாகப் படிப்பேன்.

காப்பி ஆறட்டும்.

உன் வாப்பா